எதிர்ப்பக்கத்தில் தமிழும் இருக்கட்டும்

தமிழ் நூல்கள் பிறமொழிகளுக்குச் செல்ல நல்கை வழங்கும் குழுவினருக்குக் கோத்தகிரியிலிருந்து ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழுவினருக்கு,

வணக்கம். 2023ஆம் ஆண்டு சனவரியில் சென்னை பன்னாட்டுப் புத்தகக் காட்சி முதன்முறையாக நடந்து, தமிழ் நூல்களை மொழிபெயர்த்து வெளியிடும் அயல்நாட்டுப் பதிப்பகங்களுக்கு அரசே நல்கை தரும் என்ற செய்தி வந்தபோது, இருபது ஆண்டுகளுக்கும் மேலாகத் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குக் கவிதைகளைப் பெயர்த்துவரும் நான் அடைந்த மகிழ்ச்சி சிறியதன்று. அந்த மகிழ்ச்சியோடுதான் இம்மடலை எழுதுகிறேன். புலம்பெயர்ந்தோரின் கவிதைகளையும் பாடல்களையும் பிறமொழியில் கொண்டுவரும் நூல் எதுவானாலும், அதன் எதிர்ப்பக்கத்தில் தமிழ் மூலமும் அச்சாக வேண்டும் என்பதை நல்கையின் நிபந்தனையாக வையுங்கள். அதனால் கூடும் செலவையும் நல்கையே ஏற்கட்டும். என் வேண்டுகோள் இது ஒன்றுதான். இதை ஏன் இவ்வளவு அழுத்திக் கேட்கிறேன் என்பதைச் சொல்ல, எங்கள் வீட்டுப் பாட்டு ஒன்றிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

என் அம்மா இலங்கையில் அட்டனுக்கு அருகே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசைக் குடியிருப்பில், பிறந்தவர். அவருடைய பாட்டனார் துறையூர்ப் பக்கத்திலிருந்து, தோட்டங்களுக்கு ஆள்சேர்த்த கங்காணியோடு கண்டிச் சீமைக்குப் போனவர். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தோட்டத் தொழிலாளரை நாடற்றவராக்கியது. 1964இல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று கணக்கெழுதிப் பிரித்தது. அந்தக் கணக்கில் எங்கள் குடும்பமும் பிரிந்தது. பெற்றோரும் நானும் கப்பலேறி மண்டபம் முகாமுக்கும், அங்கிருந்து நீலகிரிக்கும் வந்து சேர்ந்தோம்; மணமாகியிருந்த அக்கா அங்கேயே நின்றுவிட்டார். எங்களுக்கு வழங்கப்பட்ட அரசுப் பெயர் ‘தாயகம் திரும்பியோர்’ என்பது. அதுவரை இந்திய மண்ணை ஒருமுறைகூட மிதித்திராத அம்மாவுக்கு அந்தப் பெயர் கடைசிவரை விளங்கவே இல்லை.

கோத்தகிரியில் கொழுந்து பறிக்கும்போதும் அவர் அங்கே கற்ற பாட்டைத்தான் பாடினார். மலையக மக்களின் பாடல்களைத் தேடித் தொகுத்த கவிஞரும் தொழிற்சங்கத் தலைவருமான சி. வி. வேலுப்பிள்ளையின் உழைப்பால் இன்று பலரும் அறிந்த பாட்டு அது. அம்மா பாடியது இப்படி:

ஊரான ஊரிழந்தேன்
ஒத்தப்பனைத் தோப்பிழந்தேன்
பேரான கண்டியிலே
பெத்த தாயை நான் மறந்தேன்

நான்கே அடிகள். இதை ஆங்கிலமாக்க எனக்கு ஏழு மாதம் பிடித்தது. ஆக்கிய பின்னும் நிறைவில்லை. ‘ஊரான ஊர்’ என்பதில் ஊர் என்ற சொல் தன்னையே அடைமொழியாக்கிக்கொண்டு நிற்கிறது. ஊர் என்று சொல்லத் தகுந்த ஊர், அதற்கு மிஞ்சி வேறு ஊர் இல்லாத ஊர் என்று விரித்துச் சொல்லலாமே தவிர, ஒரு மூச்சில் சொல்ல ஆங்கிலத்தில் வழி கிடைக்கவில்லை. ஒற்றைப் பனை நின்ற இடத்தைத் தோப்பு என்று சொல்லும் ஏழையின் பெருமிதமும் ஏக்கமும் அடுத்த அடியில் இருக்கின்றன. அந்த ஒரு மரத்தைத் தோப்பாக்கியது பிரிவு. மூன்றாம் அடியின் ‘கண்டி’ கண்டி நகரமும் அன்று. ஆள்கட்டிப் போனவர்களின் வாயில் அது இலங்கை மலைநாடு முழுவதற்கும் பெயர்.

நான் அதிக நாள் தங்கி நின்றது வினைச்சொற்களில்தான். முதலிரண்டு அடிகளிலும் ‘இழந்தேன்’ என்கிறவள் தாயைச் சொல்லும்போது இழந்தேன் என்று சொல்லவில்லை, ‘மறந்தேன்’ என்கிறாள். இழப்பு பிறரால் நேர்வது, மறதி தன்னால் நேர்வது. அந்தக் குற்றவுணர்ச்சி வருகிற இடத்தில்தான், அதுவரை வினைமுற்றின் விகுதிக்குள் ஒடுங்கியிருந்த தன்மை, ‘நான்’ என்று தனிச்சொல்லாக வெளியே வருகிறது. தமிழில் முதலில் ஊர் வருகிறது, அடுத்து அதன் இழப்பு, இழந்தவள் கடைசியில்தான் வருகிறாள். ஆங்கிலமோ ஒவ்வொரு வரியையும் ‘ஐ’ என்ற எழுத்தில் தொடங்கக் கேட்கிறது; எழுவாயை முன்வைத்தால்தான் அங்கே வாக்கியம் நிற்கும். ஆகவே, ஊரை முன்னிறுத்தித் தன்னைப் பின்னிறுத்திய ஒரு பெண், என் மொழிபெயர்ப்பில் வரிக்கு வரி தன்னையே முன்னிறுத்துகிறவளாகிவிட்டாள். இது அந்த மொழியின் குற்றமன்று. ஆனால் எதிர்ப்பக்கத்தில் தமிழ் இருந்திருந்தால், தமிழ் வாசிக்கத் தெரியாதவர்கூட ஒவ்வோர் அடியின் முதற்சொல்லும் வேறுவேறாக இருப்பதையும், இரண்டு அடிகள் ஒரே எழுத்துக்கூட்டத்தில் முடிவதையும் கண்ணாலேயே கண்டிருப்பார்.

தமிழ் இருக்கவில்லை. இப்பாட்டையும் இதைப் போன்ற சிலவற்றையும் சேர்த்துக்கொண்ட ஒரு தொகுப்பில், முதலில் இருமொழிப் பதிப்பு என்றே பேச்சு நடந்தது. பின்னர், பக்கம் இருமடங்காகிறது, தமிழ் எழுத்துக் கோப்பவர் எங்களிடம் இல்லை, வாங்குகிறவர் ஆங்கிலம் மட்டுமே படிப்பார் என்ற மூன்று காரணங்கள் வந்தன; தமிழ்ப் பக்கங்கள் போயின. ஊர் என்ற சொல்லை அப்படியே ஆங்கில எழுத்தில் வைக்க வேண்டும் என்று கேட்டேன். வாசகர் தடுக்கி விழுவார் என்றார்கள். நான் ஒப்புக்கொண்டேன். ஊர் ‘வில்லேஜ்’ ஆயிற்று.

நூலின் ஒரு படி கனடாவுக்குப் போயிற்று. தோட்டத்தில் தங்கிய அக்கா, 1977 கலவரத்துக்குப் பின் மலையகத்தை விட்டு வவுனியாப் பக்கம் குடியேறி, போர் முற்றியபோது மகளோடு டொராண்டோ போனவர், இப்போது இல்லை. அவருடைய பேத்திக்குப் பத்தொன்பது வயது. தமிழ் பேசுவாள், படிக்கத் தெரியாது. நூலைப் படித்த அன்றே தொலைபேசியில் அழைத்து, “தாத்தா, இந்தப் பாட்டுல வில்லேஜ்னு வருதே, அதுக்குத் தமிழ்ல என்ன இருக்கு?” என்று கேட்டாள். “ஊர்மா” என்றேன். சற்றுநேரம் பேச்சில்லை. பிறகு, “ஊரா? அம்மாயி சொல்லுவாங்களே, அந்த ஊரா?” என்றாள். அக்கா சாகும்வரை நாள்தோறும் சொன்ன சொல் அது. ஊருக்குப் போகணும், ஊர்ல இப்ப மழை, ஊர்ல இருந்து யாராவது பேசுனாங்களா என்று அந்த வீட்டுச் சமையலறையில் புழங்கிக்கொண்டே இருந்த சொல். அந்தப் பெண்ணுக்குத் தமிழில் நன்றாகத் தெரிந்த சில நூறு சொற்களுள் அது ஒன்று. பாட்டில் அவளுக்கென்று இருந்த அந்த ஒரு சொல்லைத்தான் நான் எடுத்து மறைத்துவிட்டிருந்தேன்.

இதை எண்ணும்போது இன்னொன்றும் தெளிவானது. பாட்டில் வரும் ஊர் துறையூர்ப் பக்கத்துச் சிற்றூர். அக்கா சொன்ன ஊர் அதுவன்று. அவர் பிறந்த அட்டன் லயம். பேத்தி நாளை யாரிடமாவது ஊர் என்று சொன்னால் அது எந்த இடமாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. ஒரே சொல் தலைமுறைக்குத் தலைமுறை இடம் மாறிக்கொண்டே வந்திருக்கிறது, ஆனால் சொல் மாறவில்லை. புலம்பெயர்ந்தோர் கவிதையின் வரலாறே அச்சொல்லுக்குள் இருக்கிறது. ‘யாதும் ஊரே யாவரும் கேளிர்’ என்ற அடியை மொழிபெயர்த்த ஜி. யு. போப் அதை ‘டவுன்’ என்று பெயர்த்தார். நான் ‘வில்லேஜ்’ என்றேன். பூங்குன்றனாரின் சொல்லும் தோட்டத்துப் பெண்ணின் சொல்லும் ஒரே சொல்தான் என்பது எங்கள் இருவர் ஆங்கிலத்திலும் தெரியாமலே போயிற்று.

மொழிபெயர்ப்பு என்றால் நம் இலக்கியத்தை அயலாருக்கு எடுத்துச் செல்வது என்றே நாம் எண்ணிப் பழகிவிட்டோம். புலம்பெயர்ந்தோரின் கவிதையைப் பொறுத்தவரை அந்த எண்ணத்தைச் சற்று மாற்றிக்கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அந்தக் கவிதையின் மொழிபெயர்ப்பை முதலில் தேடிக் கையில் எடுக்கிறவர் அயலார் அல்லர். கவிஞரின் சொந்தப் பேரக் குழந்தைகள். 1860இல் சென்னையிலிருந்து ‘ட்ரூரோ’ கப்பலில் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குப் போனவர்களின் வழிவந்தவர்கள் இன்று ஆங்கிலம் பேசுகிறார்கள். மொரிசியசிலும் ரீயூனியனிலும் பிரெஞ்சும் கிரியோலும் பேசுகிறார்கள். ரீயூனியன் கோயில் விழாக்களில் தமிழ்ப் பாட்டு இன்னும் ஒலிக்கிறது, பாடுகிறவர் பலருக்குப் பொருள் தெரியாமலே. 1983 இனக்கலவரத்துக்குப் பின் இலங்கையிலிருந்து போனவர்களின் பிள்ளைகள் ஜெர்மனிலும் நோர்வேஜியனிலும் டேனிஷிலும் கனவு காண்கிறார்கள். இவர்களுக்கு ஆங்கிலப் பக்கமோ பிரெஞ்சுப் பக்கமோ உள்ளே நுழையும் வாசல் மட்டுமே. உள்ளே வீடு இருக்க வேண்டாமா?

இப்படி ஒரு நூலை உருவாக்கிய முன்மாதிரி வேறொரு சமூகத்தில் இருக்கிறது. சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவில் உள்ள ஏஞ்சல் தீவில் 1910 முதல் 1940 வரை குடிவரவு நிலையம் ஒன்று இயங்கியது. சீனரை விலக்கும் சட்டம் 1882 முதல் நடப்பில் இருந்த காலம் அது. வந்திறங்கிய சீனர்களை வாரக்கணக்கிலும் மாதக்கணக்கிலும் மரக்கொட்டடிகளில் அடைத்து விசாரித்தார்கள். அடைபட்டவர்கள் சுவர்ப்பலகைகளில் செவ்வியல் சீன யாப்பில் கவிதைகளை எழுதினார்கள், செதுக்கினார்கள். அவற்றின் மேல் வண்ணம் பூசப்பட்டது. பூச்சுக்கு அடியிலும் எழுத்து நின்றது. 1970இல், இடிக்கப்படவிருந்த அந்தக் கட்டடத்துக்குள் பூங்காக் காவலர் அலெக்சாண்டர் வைஸ் கைவிளக்கோடு போய்ப் பார்த்தபோதுதான் அவை மீண்டும் உலகின் கவனத்துக்கு வந்தன. பத்தாண்டுகள் கழித்து, 1980இல், ஹிம் மார்க் லாய், ஜெனி லிம், ஜூடி யுங் ஆகிய மூவர் 135 கவிதைகளை ஆங்கிலத்தில் பெயர்த்து நூலாக்கினார்கள். மூவருமே அத்தீவில் அடைபட்டவர்களின் பிள்ளைகள். அந்த நூலில் சீன மூலமும் இருக்கிறது. தந்தை எந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டு எத்தனை நாள் கிடந்தார் என்பதைப் பிள்ளைகளிடம் சொல்லாமலே பல குடும்பங்கள் இருந்துவிட்டன; அந்த வாய்திறவாமையைக் கடக்க அப்பிள்ளைகளுக்கு ஆங்கிலம் வேண்டியிருந்தது. ஆனால் ஆங்கிலத்தை மட்டும் அச்சிட்டிருந்தால், சுவரில் இருந்த எழுத்து மீண்டும் ஒரு வண்ணப்பூச்சுக்குள் போயிருக்கும்.

அயலாரின் வாசிப்பை நான் குறைத்து மதிப்பதாக எண்ண வேண்டாம். பிறர் துயரம் மொழிபெயர்ப்பின் வழியே வந்து நம் மொழிக்குள் என்ன செய்யும் என்பதை நாமே பார்த்திருக்கிறோம். ஈழத்துக் கவிஞர் எம். ஏ. நுஃமான் பாலஸ்தீனக் கவிதைகளைத் தமிழில் நூலாகத் தந்தது 1981இல். யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டதும் அதே ஆண்டு. இரண்டே ஆண்டுகளில் ஈழத்தமிழர் ஆயிரக்கணக்கில் வெளியேறத் தொடங்கியபோது, வீடும் சாவியும் எல்லையும் கடவுச்சீட்டும் பற்றிப் பேசுவதற்கான ஒரு கவிதைமொழி தமிழில் முன்னமே வந்து காத்திருந்தது. யாரோ ஒரு பாலஸ்தீனர் எழுதியதை அரபு அறியாத நாம் ஆங்கிலத்தின் வழியாகப் பெற்று, அதில் நம்மைக் கண்டோம். அத்தகைய வாசிப்பு நம் கவிதைகளுக்கும் வாய்க்க வேண்டும். அதற்கு எதிர்ப்பக்கத் தமிழ் எந்தத் தடையும் செய்யாது. தெரியாத எழுத்தைப் பார்த்து எந்த வாசகரும் புத்தகத்தை மூடுவதில்லை.

இதுவரை நடந்த நல்ல பணிகளும் இதையே காட்டுகின்றன. 2013இல் இங்கிலாந்தின் ஆர்க் பதிப்பகம் வெளியிட்ட ஈழத்துக் கவிஞர் சேரனின் தொகுப்பில் லக்ஷ்மி ஹோம்ஸ்ட்ரோமின் ஆங்கிலமும் தமிழும் எதிரெதிரே நிற்கின்றன. டொராண்டோவில் பேராசிரியராக இருந்த செல்வா கனகநாயகம், கனடாவின் தமிழ் இலக்கியத் தோட்டத்துக்காகத் தொகுத்த உலகத் தமிழ்க் கவிதை நூலும் இருமொழி நூல்தான். இந்த இருவரும் நம்மைவிட்டுப் போய்விட்டார்கள்: கனகநாயகம் 2014 நவம்பரில், ஹோம்ஸ்ட்ரோம் 2016 மே மாதத்தில். ஒன்றரை ஆண்டு இடைவெளியில் இருவரை இழந்தது எத்தகைய இழப்பு என்பது இத்துறையில் இருப்பவர்களுக்குத் தெரியும். பிளட்ஆக்ஸ் பதிப்பகம் 2023இல் இலங்கைக் கவிஞர்கள் நூறு பேருக்கும் மேற்பட்டோரின் தொகுப்பு ஒன்றைக் கொண்டுவந்தது. அதன் மூன்று தொகுப்பாசிரியருள் ஒருவரான ஷாஷ் ட்ரெவெட் போருக்குத் தப்பிப் பிரித்தானியா போனவர். அடுத்த தலைமுறை மொழிபெயர்ப்பாளர்கள் இந்த வழியில்தான் வருவார்கள் என்று நம்புகிறேன். அவர்களுக்குத் தமிழ் அரைகுறையாக இருக்கலாம். நமக்கு ஆங்கிலமோ ஜெர்மனோ அரைகுறை. இங்கே ஒருவரும் அங்கே ஒருவருமாக இருவர் சேர்ந்து பெயர்ப்பதற்கு நல்கை இடம் தருமானால், இருவர் பெயரையும் அட்டையில் போடச் சொல்லுமானால், அப்படிச் சேர்ந்து உழைக்கும் மேசையில் இரண்டு மொழியும் கிடக்கத்தான் செய்யும். அச்சிலும் அவை சேர்ந்தே கிடக்கட்டும்.

அப்படி இருவர் உட்காரும்போது எழும் கேள்விகள் எத்தனையோ. ‘நாம்’ என்பதும் ‘நாங்கள்’ என்பதும் ஆங்கிலத்தில் ஒரே சொல். கேட்கிறவரையும் உள்ளே சேர்ப்பது முதற்சொல். வெளியே நிறுத்துவது இரண்டாவது. ஏதிலியாகப் போனவரின் கவிதையில் இதைவிடப் பெரிய வேறுபாடு உண்டா? ஒரு கவிதை முழுக்க ‘நாங்கள்’ என்று சொல்லிக்கொண்டே வந்த ஒருவர் கடைசி வரியில் ‘நாம்’ என்று முடிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தமிழ் வாசகரை அவர் கைபிடித்து உள்ளே அழைக்கிறார். ஆங்கில வாசகருக்கு அங்கே ஒன்றுமே நடக்கவில்லை. ‘பனி’ என்ற சொல்லும் அப்படித்தான். முன்பனி, பின்பனி என்று பருவம் வகுத்த நம் முன்னோருக்கு அது இரவில் புல்லில் இறங்கும் ஈரம். ஆஸ்லோவில் எழுதுகிறவருக்கு அதே சொல் வாசற்கதவை அடைத்துக் கிடக்கும் வெண்குவியல். புலம்பெயர்ந்தோர் தம் பனிநிலத்தை ஆறாம் திணை என்று சொல்வதில் எவ்வளவு உரிமையும் வலியும் உள்ளன என்பது, பனி என்ற சொல்லின் பழைய ஈரத்தை அறிந்தவருக்கே முழுதும் பிடிபடும். அடிக்குறிப்பில் இதை விளக்கலாம். ஆனால் விளக்கத்தைப் படிப்பது வேறு, அந்தச் சொல் பக்கத்தில் இருப்பதைக் காண்பது வேறு.

‘புலம்பெயர்’ என்பது நமக்கு அண்மையில் வந்த சொல்லாட்சியும் அன்று. பட்டினப்பாலையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார், ‘மொழிபல பெருகிய பழிதீர் தேஎத்துப் புலம்பெயர் மாக்கள் கலந்தினிது உறையும்’ என்று காவிரிப்பூம்பட்டினத்தைப் பாடுகிறார். அங்கே புலம்பெயர்ந்து வந்தவர் பிறர். இடம் கொடுத்தவர் நாம். குறுந்தொகையில் மாமூலனாரின் தலைவி, தலைவன் ‘மொழிபெயர் தேஎத்தர் ஆயினும்’ அவன் போன நாட்டுக்குப் புறப்படத் துணிகிறாள். மொழி வேறாகிப்போகும் நிலம் அவளுக்கு மொழிபெயர் தேயம். புலம் பெயர்வதற்கும் மொழி பெயர்வதற்கும் ஒரே வினையைத் தமிழ் அன்றே வைத்திருந்தது என்பதை, இந்தப் பணியில் இருக்கும் நாள்தோறும் நினைத்துக்கொள்கிறேன்.

இனி நடைமுறை. ஒரு கவிதைத் தொகுப்பு 80 பக்கம் என்றால் இருமொழிப் பதிப்பு 160 பக்கத்தை எட்டும். தாள், அச்சு, அஞ்சல் மூன்றும் கூடும். சிறு பதிப்பகம் தயங்குவது இயல்பு. ஆனால் அதைவிடப் பெரிய தடை எழுத்துக் கோப்பில் இருக்கிறது. பக்கம் அமைக்கும் மென்பொருளில் இந்திய எழுத்துகளுக்கான அமைப்பை இயக்காமல் விட்டால், தமிழின் கொம்புகள் எழுத்தை விட்டு விலகிவிடும். எனக்கு வந்த ஒரு மெய்ப்பில் ‘பெத்த தாயை’ என்பதன் ஒற்றைக்கொம்பு ‘ப’வைத் தாண்டிப் பின்னால் தனியே கிடந்தது, அங்கிருந்த யாருக்கும் அது பிழை என்று தெரிய வழியில்லை. ஆகவே பணத்தோடு இதையும் தாருங்கள்: தமிழ்ப் பக்கங்களை இங்கேயே எழுத்துக் கோத்து, மெய்ப்புப் பார்த்து, எழுத்துரு குலையாத கோப்பாக அந்தப் பதிப்பகத்துக்கு அனுப்புங்கள், நூல் அச்சுக்குப் போகுமுன் தமிழ் அறிந்த ஒருவர் கடைசி மெய்ப்பைப் பார்த்து ஒப்பமிட வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். நாட்டார் பாடல்களாக இருந்தால் பாடுகிறவரின் குரலும் ஒலிப்பதிவாக நூலோடு போகட்டும். என் அக்காவின் பேத்தியைப் போல, தமிழ் கேட்டால் புரியும், பார்த்தால் புரியாது என்ற நிலையில் இருப்பவர்கள் ஏராளம்.

அம்மா பாடியவற்றுள் நான் எழுதிவைத்துக்கொண்ட பாட்டுகள் 43 இருக்கின்றன. அவற்றைத் தமிழும் ஆங்கிலமுமாக எதிரெதிர்ப் பக்கங்களில் அமைத்து, இம்முறை அக்காவின் பேத்தியோடு சேர்ந்து திருத்திக்கொண்டிருக்கிறேன். அங்கே இரவானதும் அவள் அழைக்கிறாள். எனக்குக் காலைத் தேநீர் நேரம். ஒவ்வோர் அடியாக நான் வாசிக்க, அவள் எழுத்துகளை இனங்காணப் பழகுகிறாள். முதற்பாட்டின் முதல் அடியை ஆங்கிலத்தில் இன்னும் முடிவு செய்யவில்லை. ஊர் என்ற சொல்லை அப்படியே விட்டுவிடலாம் என்கிறாள் அவள். ஊரான ஊர் என்பதை என்ன செய்வது என்று நான் கேட்டிருக்கிறேன்.

தங்கள் முடிவை எதிர்நோக்கி,
கோத்தகிரியிலிருந்து ஒரு மொழிபெயர்ப்பாளன்